பின்னோட்டத் தடைக் கவ்வி

அந்தப் பையை இப்படி என் பக்கம் வையுங்கள். செருப்புகளை பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். நான்கு ஜோடிதானே? போன வாரம் ஒரு அம்மாள் பதினொரு ஜோடியோடு உட்கார்ந்திருந்தார், கல்யாண மண்டப வாசல் மாதிரி.

இது ஏறாதவர்களின் பெஞ்சு. பலகை எதுவும் மாட்டவில்லை. ஆனாலும் ஏறாதவர்கள் எல்லோரும் தாமாகவே இங்கே வந்து உட்காருகிறார்கள். கேட்டால் முழங்கால் வலி என்பார்கள், பிரஷர் என்பார்கள், யாராவது ஒருத்தர் பையைப் பார்த்துக்கொள்ள வேண்டாமா என்பார்கள். பயம் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. நீங்கள் எந்த வகை? பையா? நல்லது.

வரிசையில் நிற்கிற அந்த மஞ்சள் சுடிதார் உங்கள் பெண்ணா? பின்னால் கைக்குட்டையைத் தலையில் கட்டியிருப்பவர் உங்கள் வீட்டுக்காரரா? இன்னும் இரண்டு வண்டி போக வேண்டும். அரை மணி நேரம் ஆகும். அதுவரை இப்படிப் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தால் தலைப்புதான் வீணாகும்.

பாதுகாப்பானதா என்று கேட்கிறீர்கள். என்னைத்தான் கேட்க வேண்டும். இந்த வண்டிக்குப் புத்தகம் எழுதியவள் நான்.

சிரிக்காதீர்கள். என் பெயர் ஞானசௌந்தரி. முப்பத்து நான்கு வருஷம் கல்லூரியில் தமிழ் நடத்தியவள், துறைத் தலைவராக ஓய்வு பெற்றவள். இங்கே வேலை பார்ப்பவர்கள் என்னை டீச்சர் என்பார்கள். நான் டீச்சர் இல்லை, பேராசிரியர். இருபது தடவை சொல்லியாயிற்று. 'சரிங்க டீச்சர்' என்கிறார்கள்.

மூன்று வருஷம் முன்னால், இந்தப் பூங்காவின் மேலாளர் சற்குணம் என் வீட்டுக்கு ஒரு கத்தைத் தாளோடு வந்தார். இந்த ரோலர் கோஸ்டர் வெளிநாட்டில் எங்கோ பத்து வருஷம் ஓடி அலுத்து, கப்பலேறி, மதுரை வெயிலுக்கு வந்தது. கூடவே ஆங்கிலத்தில் ஒரு கையேடும் வந்தது. வண்டி ஓட்டுபவர்களுக்குப் புரிகிற மொழியில் கையேடு இருந்தால்தான் அனுமதி என்று அரசாங்கத்தில் சொல்லிவிட்டார்கள். சற்குணத்தின் கொழுந்தியாள் மகன் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானைத் தட்டினான். இருநூறு பக்கமும் இரண்டே நிமிஷத்தில் தமிழாகிவிட்டது.

நான் அதைப் படித்தேன். இன்னும் எனக்கு மனப்பாடம். 'தினமும் காலையில் எல்லா நாய்களையும் துடைத்து எண்ணெய் இடவும். பல் தேய்ந்த நாயை உடனடியாக மாற்றவும். பயணிகளை ஏற்றும் முன் ஒவ்வொரு நாயும் தானாக விழுந்து கவ்வுகிறதா என்று கையால் தூக்கிப் பார்க்கவும்.'

"இதுல என்ன சார் பிரச்சினை?" என்று கேட்டேன்.

"பிரச்சினை ஒண்ணுமில்ல மேடம். எங்க பூங்காவுல மூணு நாய்தான் இருக்கு. இதுல அஞ்சுன்னு போட்டிருக்கு."

அவர் வேடிக்கையாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சற்குணத்தின் முகம் அப்படி. எதையும் வெளியே விடாது.

பொருள் தெரியாமல் சொல் செய்யக் கூடாது என்பது என் கொள்கை. அதனால் நேரில் பார்க்க வந்தேன். வண்டியைக் காட்டியவள் முத்துராக்கு. அதோ, அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் நீலச் சட்டை போட்டு நிற்கிறாளே, அவள்தான். நாற்பது வயதிருக்கும். பஞ்சாலையில் பன்னிரண்டு வருஷம் நின்றவள். ஆலையை மூடியதும் இங்கே வந்துவிட்டாள். படிப்பு எட்டாவது. அதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

அவள் என்னைத் தண்டவாளத்துக்கு அடியில் குனியவைத்தாள். அந்த ஏற்றம் தெரிகிறதா? அதன் நடுவில் ரம்பம் மாதிரி ஒரு பல்வரிசை மேலே வரை போகிறது. ஒவ்வொரு பெட்டிக்கு அடியிலும் ஓர் இரும்பு நாக்கு. சங்கிலி வண்டியை மேலே இழுக்கும்போது அந்த நாக்கு ஒவ்வொரு பல்லாகத் தாண்டித் தாண்டி விழும். மேலே போகவிடும், கீழே வரவிடாது. சங்கிலி அறுந்தாலும் சரி, கரண்ட் போனாலும் சரி, நாக்கு பல்லைப் பிடித்துக்கொண்டு வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். ஆங்கிலத்தில் அந்த நாக்கைத்தான் நாய் என்கிறார்கள். வெள்ளைக்காரனுக்கு நாய் மேல் அவ்வளவு பாசம்.

"இந்தா கேளுங்க டீச்சர்" என்று காலி வண்டியை மேலே ஏற்றினாள் முத்துராக்கு. டக், டக், டக் என்று கேட்டது. "எங்க ஆளுக எல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் புக்கப் பாத்து நாய்னே சொல்லிப் பழகிட்டோம். நாய் குரைக்குதுன்னுதான் சொல்லுவோம். அஞ்சு பொட்டி, அஞ்சு நாய். ஒண்ணொண்ணுக்கும் ஒரு குரலு. மூணாவது கொஞ்சம் கட்டை. கடைசி நாய் கெழடு, இருமுறாப்ல குரைக்கும்."

"எனக்கு ஒரே சத்தமாகத்தான் கேட்கிறது" என்றேன்.

"மில்லுல எழுபது கதுரு ஓடும் டீச்சர். ஒண்ணுல நூலு அந்தாலும் காதுல தெரிஞ்சுரும். தெரியலேன்னா மேஸ்திரி தெரிய வெச்சுருவான்."

எனக்கு அந்த இயந்திரம் பிடித்துப்போயிற்று, உண்மையைச் சொல்வதற்கென்ன. பிரேக்கைப் பற்றிப் படித்தபோது ஒரு நாள் முழுக்க வேறு வேலை ஓடவில்லை. நம் வீட்டு வண்டியில் பிரேக் சும்மா கிடக்கும், அழுத்தினால்தான் பிடிக்கும். இதில் தலைகீழ். பிரேக் எப்போதும் பிடித்தபடியே இருக்கும். காற்றை அழுத்தி அதைத் திறந்து வைத்தால்தான் வண்டி போகும். காற்று நின்றால், கரண்ட் போனால், ஆள் மயங்கி விழுந்தால், அது விட்டுவிடுவதில்லை, பிடித்துக்கொள்கிறது. என் கணவர் நேர் எதிர். ஏதாவது ஒன்று நின்றால் முதலில் கையை விடுபவர் அவர்தான். அந்தக் கதை இப்போது எதற்கு? அவரும் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷமாகிறது.

மூன்று மாதம் உழைத்தேன். முகவுரையாக எட்டுப் பக்கம் வரலாறு எழுதினேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் எழுதினேன். ரஷ்யாக்காரர்கள் குளிர்காலத்தில் மரத்தால் சரிவாகப் பரண் கட்டி, அதில் தண்ணீர் ஊற்றி, அது உறைந்ததும் பனிக்கட்டி மேல் சறுக்கினார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கும் சறுக்க ஆசை வந்தது, ஆனால் அவ்வளவு பனி கிடைக்கவில்லை. அதனால் பலகைக்குச் சக்கரம் வைத்தார்கள். சக்கரம் ஓரத்தில் எகிறியது, அதைப் பள்ளத்துக்குள் ஓடவிட்டார்கள். அமெரிக்காவில் ஒரு மலை மேல் நிலக்கரி வெட்டி வண்டியில் கீழே உருட்டினார்கள். காலி வண்டியை மேலே இழுக்கக் கோவேறு கழுதைகள். அந்தக் கழுதைகளையும் ஒரு வண்டியில் ஏற்றிக் கீழே அனுப்புவார்கள். ஒரு தடவை சவாரி செய்த கழுதை அப்புறம் நடந்து இறங்கச் சம்மதிக்கவில்லையாம். படித்ததைத்தான் சொல்கிறேன். பிறகு கரி ஓய்ந்தது. கரி இறங்கிய பாதையில் மனிதர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். இந்தப் பல்வரிசையும் நாக்கும் அங்கேதான் பிறந்தன. வண்டி தண்டவாளத்தை விட்டு மேலே எழும்பாமலிருக்க, தண்டவாளத்துக்கு அடியிலும் ஒரு சக்கரம் வைக்கலாம் என்று கண்டுபிடிக்க இன்னும் எத்தனையோ வருஷம் ஆயிற்று. அதுவரை வளைவுகளில் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இல்லை, வேண்டாம். யோசிக்காதீர்கள்.

"மேடம், ரஷ்யா எதுக்கு மேடம்?" என்றார் சற்குணம்.

"வேர் தெரிய வேண்டாமா?"

"இவங்களுக்கு கிரீஸ் எங்க போடணும்னு தெரிஞ்சா போதும் மேடம்."

இதுதான் நம் நாடு. போகட்டும்.

நாய்க்கு வருவோம். ஒரு பாதுகாப்புக் கையேட்டில், இருபது பேர் உயிரை நம்பி ஏறுகிற இயந்திரத்தின் புத்தகத்தில், நாய் என்று எழுத முடியுமா? நான் பதினேழு நாள் யோசித்தேன். 'கொக்கி' என்றால் அது தொங்குவது. 'தாழ்' என்றால் கதவு. கடைசியில் ஒரு நாள் காலையில் பால் பொங்கிக்கொண்டிருக்கும்போது வந்தது. பின்னோட்டத் தடைக் கவ்வி. சொல்லிப் பாருங்கள். பின்னோக்கி ஓடுவதைத் தடுக்கிற, கவ்வுகிற பொருள். இதில் எது குறை? பாதிப் பால் அடுப்பில் வழிந்துவிட்டது. நான் அடுப்பை அணைக்கவில்லை, முதலில் சொல்லை எழுதி வைத்தேன்.

புத்தகம் அச்சானதும் சின்ன விழா வைத்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அன்று முத்துராக்கு பக்கத்தில் வந்து நின்றாள்.

"டீச்சர், நாய்க்கு என்ன பேரு போட்டிருக்கீங்க?"

சொன்னேன்.

"இன்னொருக்கா சொல்லுங்க."

சொன்னேன்.

"இதச் சொல்லி முடிக்கறதுக்குள்ள வண்டி பாதி ஏத்தம் வந்துரும் டீச்சர்." சிரித்தாள். அப்புறம், "பக்கத்துல சின்னதா நாய்னும் போட்டுருங்களேன். எங்க ஆளுகளுக்கு அதுதான் பழக்கம்" என்றாள்.

"முத்துராக்கு, கொச்சையை அச்சில் ஏற்றினால் அதுவே நிலைத்துவிடும். நீங்கள்தான் கொஞ்சம் உயர்ந்து வர வேண்டும்" என்றேன்.

"சரிங்க டீச்சர்" என்றாள். ஒருவர் மேல் ஒருவருக்குத் தப்பெண்ணம் எதுவும் இல்லை. இதையும் ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு அந்த விஷயத்தை ஊதிப் பெரிதாக்கினார்கள்.

ஒரு வண்டி கிளம்பிவிட்டது. உங்கள் ஆட்கள் இன்னும் வெளியேதான். மூச்சு விடுங்கள்.

அடுத்து தினசரிப் படிவம். காலையில் வண்டியைச் சோதித்துக் கட்டம் கட்டமாக 'சரி' போட வேண்டும். அச்சகக்காரர் என் சொல்லைக் கட்டத்துக்குள் அடைக்கப் பார்த்திருக்கிறார், அடங்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் 'பி.த.க.' என்று சுருக்கிவிட்டார். அது என் குற்றமா? என் சொல் முழுசாக இருந்தது. கட்டம்தான் சிறியது.

முத்துராக்கு சற்குணத்திடம் கேட்டிருக்கிறாள். "சார், இந்த பி.த.க. என்னது சார்?"

"ஏதோ கட்சி மாதிரி இருக்கு. மேடம் போட்டா காரணம் இருக்கும். டிக் பண்ணிட்டுப் போ."

"கட்சிக்கெல்லாம் நான் டிக் போடமாட்டேன் சார். என்னன்னு தெரியாம எப்படி சரின்னு எழுதறது?"

அந்தக் கட்டத்தைத் தினமும் காலியாகவே விட்டாள். எட்டாவது படித்தவளின் பிடிவாதம். சொல்கிறேன் என்றேனே, அதற்காகத்தான் படிப்பைச் சொன்னேன்.

பொங்கலுக்குப் பத்து நாள் முன்பு அவள் காதுக்கு ஏதோ வித்தியாசமாகப் பட்டது. சற்குணத்திடம் வாயால் சொன்னாள். அவர் அப்போது பொங்கல் விளம்பரப் பலகையில் யார் படம் பெரிதாக வரவேண்டும் என்ற சண்டையில் இருந்தார். "எதுவா இருந்தாலும் படிவத்துல எழுது. அதுக்குத்தானே மேடத்த வெச்சு புஸ்தகம் போட்டிருக்கு" என்றார். அவளும் 'பிற குறிப்புகள்' என்ற இடத்தில் எழுதினாள். 'மூணாவது நாய் குரைக்கல.' மறுநாளும் எழுதினாள். நான்காம் நாள், 'மூணாவது நாய் நாலு நாளா குரைக்கல. இப்ப ரெண்டாவதும் சரியில்ல. தயவுசெய்து கவனிக்கவும்.'

சற்குணம் படித்தார். அவர் கடமை தவறாதவர். உடனே பஞ்சாயத்துக்குப் போன் போட்டார். ஒரு வண்டி வந்தது, வலையோடு இரண்டு பேர் இறங்கினார்கள். டிக்கெட் கூண்டுக்குப் பின்னால் படுத்துக் கிடந்த மூன்று நாய்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அதில் ஒன்றுக்கு ஒரு காது கிடையாது. குரைக்காத நாய்க்கு வெறி இருக்கலாம் என்று சற்குணத்துக்குப் பயம். படிவத்தில் அவள் எழுதியதற்கு எதிரே, 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று பச்சை மையில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

சிரிக்கிறீர்கள். எல்லோரும் இந்த இடத்தில் சிரிப்பார்கள்.

காணும் பொங்கல் அன்று கூட்டம் நெடுஞ்சாலை வரை நின்றது. முதல் வண்டியில் முதலாளியின் சம்பந்தி வீட்டார் இருபது பேர், பட்டுப்புடவையும் வேட்டியுமாக. கம்பியைத் தோளுக்கு இறக்கிப் பூட்டியாயிற்று. முத்துராக்கு பொத்தானை அமுக்கவில்லை. காலையில் காலி வண்டியை ஏற்றிப் பார்த்தபோது இரண்டு குரல்தான் கேட்டதாம்.

சற்குணம் ஓடி வந்தார். "ஏம்மா, வண்டிய விடு."

"நாய் குரைக்கல சார்."

"எந்த நாய்? எல்லாத்தையும்தான் புடிச்சிட்டுப் போயாச்சே."

"அந்த நாய் இல்ல சார், அடியில இருக்கற நாய்."

"அடியில நாய் புகுந்திருச்சா?"

இப்படியே பத்து நிமிஷம். சம்பந்தியம்மாள் உள்ளிருந்து, "என்னடா இது, ஏத்தி உக்கார வெச்சிட்டு நாய்க் கதை பேசறானுக" என்று கேட்டிருக்கிறார். முத்துராக்கு பூட்டைத் திறந்துவிட்டு, "எல்லாரும் எறங்குங்க" என்று சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டாரை ஏறிய வண்டியிலிருந்து இறக்கிவிட்டால் அது என்ன மரியாதை என்று உங்களுக்குத் தெரியும். அன்று மாலையே அவளைத் தற்காலிக நீக்கம் செய்தார்கள்.

மூன்றாம் நாள் விசாரணை. சற்குணத்தின் அறையில் அவரும், முதலாளியின் மைத்துனரும் உட்கார்ந்திருந்தார்கள். என்னையும் அழைத்திருந்தார்கள். மொழி வல்லுநர் என்ற முறையில். ஓய்வு பெற்ற பிறகு என்னை யாரும் எதற்கும் வல்லுநர் என்று அழைத்ததில்லை. காட்டன் புடவைக்குக் கஞ்சி போட்டுக் கட்டிக்கொண்டு போனேன்.

படிவத்தை என் முன்னால் வைத்தார்கள். "மேடம், இந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம்னு நீங்க சொல்லுங்க."

படித்தேன். "வாக்கியத்தில் பிழை இல்லை. நாய் எழுவாய், குரைக்கல பயனிலை. பேச்சு வழக்கு" என்றேன்.

"இது அந்த எந்திரத்துல இருக்கற பாகத்தக் குறிக்குமா?"

"கையேட்டில் அந்தப் பாகத்துக்குப் பெயர் பின்னோட்டத் தடைக் கவ்வி. நாய் என்றால் நாய்தான்."

முத்துராக்கு சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். அதட்டவில்லை, அழவில்லை. "டீச்சர், ஒங்களுக்குத் தெரியுமே" என்றாள்.

எனக்குத் தெரியும்தான். ஆனால் அவர்கள் என்னைக் கேட்டது எனக்குத் தெரியுமா என்பதையா? சொல்லுக்கு என்ன பொருள் என்றுதானே கேட்டார்கள். கேட்ட கேள்விக்குத்தான் விடை. முப்பத்து நான்கு வருஷம் மாணவிகளுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். அதிகமாக எழுதினால் மதிப்பெண் குறையும்.

அவளை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். நெடுஞ்சாலையில் ஒரு புரோட்டாக் கடைக்கு மாவு பிசையப் போனாள். இங்கே அவள் இடத்துக்கு ஒரு டிப்ளமாக்காரர் வந்தார். நான் அந்தப் படிவங்களைப் பிறகு பார்த்தேன். பி.த.க. கட்டத்தில் ஒரு நாள் விடாமல் 'சரி', 'சரி', 'சரி'. முத்து முத்தான கையெழுத்து. என் படிவத்தை நான் நினைத்தபடி நிரப்பிய ஒரே மனிதர் அவர்தான்.

அவர் வந்த பதினோராம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், ஏற்றத்தின் முக்கால் பங்கில் சங்கிலி அறுந்தது.

பையை இறுக்காதீர்கள், உள்ளே கண்ணாடிப் பொருள் எதுவும் இருந்தால் உடையும். ஒருவரும் சாகவில்லை. வண்டி பின்னால் வழுக்கியது. ஐந்து நாக்கில் நான்கு விழவில்லை. நாக்கைக் கீழே தள்ளுகிற ஸ்பிரிங் ஒவ்வொன்றாக உடைந்து, நாக்கு மேலேயே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஐந்தாவது மட்டும் விழுந்தது. பல் தேய்ந்த கிழம், ஒரு பல்லை விட்டது, இரண்டாவதை விட்டது, நான்காவது பல்லில் கவ்விக்கொண்டது. இருபது பேரும் குலுங்கி நின்றார்கள். இரண்டு மணி நேரம் கழித்து ஏணி வைத்து இறக்கினார்கள். சிவகங்கையிலிருந்து வந்திருந்த ஒரு நர்ஸ் பெண்ணுக்குக் தோள்பட்டைக் காறை எலும்பு உடைந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தப் பக்கம் எனக்கு வேறு வேலை இருந்தது, அதனால் போனேன். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். நான் யார் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. "வழுக்குனதுகூட பயமா இல்லம்மா. மொதல்ல அந்த டக் டக் சத்தமே சரியா வரல. ஏதோ நொண்டுற மாதிரி இருந்துச்சு. யாருகிட்ட சொல்றது, என்னன்னு சொல்றதுன்னு தெரியல" என்றாள். ஒரு தடவை ஏறியவளுக்கே கேட்டிருக்கிறது. நான் சாத்துக்குடியை உரித்துச் சுளை சுளையாகக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு கையால் அவளால் உரிக்க முடியாதல்லவா. மூன்று நாள் போனேன். அங்கே எனக்கு மூன்று நாளும் வேலை இருந்தது.

பெரிய என்ஜினீயர்கள் வந்தார்கள். பழைய படிவங்களைப் புரட்டினார்கள். முத்துராக்கு எழுதியதைப் பார்த்ததும் ஒருவர், "இங்கதான் எல்லாமே எழுதியிருக்கே, எந்தப் பொட்டி, எத்தனை நாள்னு தேதியோட" என்றாராம். அவர் அந்நிய மொழியில் படித்தவர், அவருக்கு நாய் என்றதும் புரிந்துவிட்டது. நம் மொழியில் படித்தவர்களுக்குத்தான் புரியவில்லை என்று சற்குணம் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஸ்பிரிங் உடைந்ததற்கு நான் என்ன செய்ய முடியும்? ஸ்பிரிங்குக்குத் தமிழ் தெரியாது.

சற்குணம் புரோட்டாக் கடைக்கே போய்க் கூப்பிட்டார். முத்துராக்கு கையில் மாவோடு, இரண்டு நிபந்தனை என்றாள். முதலாவது, படிவத்தில் நாய் என்று இருக்க வேண்டும். ஐந்து நாய்க்கும் ஐந்து கட்டம், ஒவ்வொன்றும் தனித்தனியாக.

இதுதான் என் மனத்தாங்கல். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் பேசினேன். புதுப் படிவம் அச்சடிக்கும் வரை பழையதையே வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு தாளிலும் பி.த.க.வைப் பேனாவால் அடித்துவிட்டு, மேலே நாய், நாய், நாய், நாய், நாய் என்று எழுதினார்கள். புத்தகத்திலும் அப்படியே. பதினேழு நாள் யோசித்த சொல், பாலைப் பொங்கவிட்டுப் பிடித்த சொல், ஒரு கோட்டில் போயிற்று. மருந்துக்குக்கூட மிச்சமில்லை. என் எட்டுப் பக்க வரலாற்றையும் கிழித்துவிட்டார்கள், புத்தகம் கனமாக இருக்கிறதாம். முன்னட்டையில் என் பெயர் மட்டும் இருக்கிறது. நான் எழுதாத சொற்களுக்கு மேல் என் பெயர். இதைவிட ஒரு தமிழாசிரியருக்கு வேறென்ன அவமானம் வேண்டும்?

இரண்டாவது நிபந்தனையா? அது ஒன்றுமில்லை. சனிக்கிழமை கூட்டத்தில் இரைச்சல் அதிகம், கண்ணாடிக் கூண்டுக்குள் சரியாகக் கேட்பதில்லை, வெளியே இன்னொரு காது வேண்டும் என்றாளாம். ஒரு பொருளைக் காப்பதற்கு ஒன்றுக்கு இரண்டாகத்தான் வைக்க வேண்டும் என்று நானே புத்தகத்தில் எழுதியிருக்கிறேன். சற்குணம், "யார வைக்கிறது?" என்று கேட்டார். "டீச்சர வைங்க. அந்த ஏறாதவங்க பெஞ்சுல உக்காரட்டும்" என்றாளாம். என் புலமையின் மேல் அவளுக்கு ஒரு மதிப்பு. அப்படித்தான் நான் எடுத்துக்கொண்டேன். சற்குணம் இலவச அனுமதிச் சீட்டு தந்திருக்கிறார். காற்றும் நன்றாக வருகிறது. ஒன்றரை வருஷமாக ஒரு சனிக்கிழமை தவறவில்லை. முதல் இரண்டு மாதம் வெறும் டக் டக்தான். மூன்றாவது மாதம் ஒரு நாள், ஒரே சத்தம் ஐந்தாகப் பிரிந்தது. அன்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் எனக்குக் காய்ச்சல் வந்த மாதிரி இருந்தது.

அவளா? பேசுவாள். டீ கொண்டுவந்து கொடுப்பாள். 'ஒரு தடவை ஏறுங்க டீச்சர்' என்பாள். விசாரணை பற்றி இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாக விளக்கியிருப்பேன். விடை தயாராக இருக்கிறது.

அதோ, உங்கள் ஆட்கள் ஏறிவிட்டார்கள். மஞ்சள் சுடிதார் மூன்றாவது பெட்டி. தோள் கம்பி இறங்கிவிட்டது பாருங்கள். முத்துராக்குவின் ஆள் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்க்கிறார். இப்போது முத்துராக்கு என்னைப் பார்ப்பாள். ஆமாம், என்னைத்தான். வண்டி ஏற்றத்தில் போட்டிருக்கிற அந்தச் சிவப்புக் கோட்டைத் தாண்டும் முன்பு நான் கையை விரித்து ஐந்து விரலையும் காட்ட வேண்டும். அவளும் காட்டுவாள். இரண்டு கையும் சேர்ந்தால்தான் வண்டி மேலே போகும். நான் காட்டாவிட்டால் அவள் நிறுத்திவிடுவாள். சம்பந்தி வீட்டாராக இருந்தாலும் நிறுத்திவிடுவாள்.

இனி என்னிடம் எதுவும் கேட்காதீர்கள். அந்தச் செருப்பை நகர்த்தாதீர்கள், சத்தம் வருகிறது.

சங்கிலி பிடித்துவிட்டது.

ஒன்று. இரண்டு. மூன்று, அந்தக் கட்டைக் குரல், உங்கள் பெண்ணுக்கு நேர் அடியில். நான்கு.

பொறுங்கள்.

இருமுகிறது, கேட்டதா? ஐந்து.

ஐந்து நாயும் குரைக்கிறது. இந்தாருங்கள், காட்டிவிட்டேன். அவளும் காட்டிவிட்டாள். தலைப்பை விடுங்கள் இப்போது, போதும். மேலே போகட்டும். இனி அவர்கள் அலறட்டும்.